கீழண்டைச் சுவர் ஓதம் கண்டது எப்படி?

ஏரி மதகு திறப்பதென்றால் எழுபது வயதிலும் இடுப்பளவு தண்ணீரில் முதல் ஆளாய் இறங்குகிற, இந்தக் கூட்டத்தின் தலைவர், பெரியவர் தணிகாசலம் அவர்களே! பழைய பள்ளியின் கூரை சரிந்த நாள்முதல் அறுபத்து மூன்று பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொண்டு, கற்பூரப் புகைக்கும் கணக்குப் பாடத்துக்கும் நடுவே காலம் தள்ளும் தலைமையாசிரியை செங்கமலம் அம்மையார் அவர்களே! இந்தப் பந்தலையும் ஒலிபெருக்கியையும் ஓசையில்லாமல் உபயம் செய்துவிட்டு, முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் ராஜாமணி அவர்களே! களையெடுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நைட் ஷிப்டு முடித்து, வீட்டுக்கும் போகாமல், சிவந்த கண்ணோடு வந்து நிற்கும் தோழர்களே! பந்தலுக்குள் இடமிருந்தும், அதோ புதுக் கட்டடத்தின் படியிலேயே தனியாய் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் ஷெர்லின் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் பெற்றோர் கழகச் செயலாளன் பகலவனின் வணக்கம்.

என்ன, பின்னால் சலசலப்பு? "அந்தப் பொண்ணுக்கு இன்னாத்துக்குப்பா வணக்கம்?" என்று கேட்டது யார்? மாரியா? கொஞ்சம் பொறு மாரி. வணக்கத்துக்கே இவ்வளவு கோபமென்றால், நான் பேசி முடிப்பதற்குள் உனக்கு ஒரு சோடா வாங்கித் தரவேண்டியிருக்கும்.

தோழர்களே! இந்தத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு முடிவதற்குள் முடிவு கட்டவேண்டிய தீர்மானம் ஒன்று நம் முன்னே கிடக்கிறது. படிக்கிறேன், கேளுங்கள். "புதுப் பள்ளியின் இரண்டு அறைகளும் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர்களைக் கொண்டவை. மழையில் அவை ஓதம் கண்டுவிட்டபடியால் இரண்டையும் இடித்துவிடுவது. பொறியாளர் ஷெர்லினை இந்த வேலையிலிருந்து நீக்கும்படி, அவரை அனுப்பிய தொண்டு நிறுவனத்துக்கு எழுதுவது. வேலை முழுவதையும் ராஜாமணி அவர்களிடம் ஒப்படைப்பது." இதை முன்மொழிந்து முழங்கத்தான் என்னை மேடையேற்றினீர்கள். ஏறியவுடன் என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. போட்டவர் யார்? ராஜாமணி அவர்கள். நான் என்ன செய்தேன்? மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? சந்தேகம்! பேசிய பிறகு போர்த்தினால் அது பாராட்டு. பேசுமுன்பே போர்த்தினால் அதற்கு என்ன பெயர்? சிரிக்காதீர்கள் ராஜாமணி, உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கு எல்லாவற்றின்மேலும் சந்தேகம்தான்.

சந்தேகம் என் பிறவிக் குணம் மட்டுமா? சந்தேகம்தான் எனக்குச் சோறு! ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். உருக்கி ஊற்றி ஆறிய இரும்பு வரிசையாக என் முன்னே வரும். கையில் ஒரு சின்னச் சுத்தியல். தட்டுவேன். "டிங்" என்று பாடினால் உள்ளே கெட்டி, லாரியில் ஏற்று. "டொக்" என்று இருமினால் உள்ளே காற்றுக் குமிழி, சிவப்புப் பெயிண்டை அடித்து ஒதுக்கித் தள்ளு. மேலே எவ்வளவு வழவழப்பிருந்தாலும் மயங்கமாட்டேன். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் மசியமாட்டேன். என் மனைவி சரோஜா சொல்வதைக் கேட்டால் தெரியும். "இந்த மனுசன் தேங்கா வாங்கினாலும் தட்றாரு, பானை வாங்கினாலும் தட்றாரு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க வூட்டுத் தூணத் தட்டிப் பாத்தவரு." அதோ, தாய்மார்கள் பக்கம் தலையாட்டுகிறாளே, அவள்தான்.

இப்படிப்பட்டவனிடம்தான், கடந்த மாசி மாதத்தில், ஷெர்லின் வந்து நின்றது. வயது இருபத்து நான்கு. தோளில் ஒரு பை, கையில் ஒரு படம். நாம் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுகிறவர்கள் அல்லவா? அந்தப் பெண் செங்கல்லை நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னது. உள்பக்கம் ஒரு செங்கல் நிற்கும், வெளிப்பக்கம் ஒரு செங்கல் நிற்கும், நடுவே மூன்று அங்குலம் வெறும் காற்று. இடையிடையே ஒரு செங்கல் குறுக்கே போய் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு பெயரையும் சொன்னது பாருங்கள், எலிப்பொறிக் கட்டு! தீர்ந்தது. சித்தாள் முனியம்மாள் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னாது? புள்ளைங்க குந்திப் படிக்கிற எடத்துல எலிப்பொறியா?" அன்றைக்கு ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டுக் கேள்வி கேட்டேன். "ஏம்மா, எதுக்கு இந்தப் புது வித்தை?" அந்தப் பெண் படப்பைப் பக்கத்துச் செங்கல் சூளையைக் கையால் காட்டியது. "சார், சூளைக்குப் போற ஒவ்வொரு லோடும் கழனியோட மேல்மண்ணு. போனா திரும்பி வராது. அதைச் சுட வெட்டுற மரமும் வராது. இப்படிக் கட்டினா கால் பங்கு செங்கல் மிச்சம், கலவையும் மிச்சம். நடுவுல காத்து இருக்கிறதால வெயிலு உள்ள வராது, மழை ஈரமும் தாண்டாது."

நல்ல பேச்சுதான். ஆனால் நல்ல பேச்சைக் கேட்டால்தான் எனக்கு நாடி துடிக்கும்! மண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஏழைப் பிள்ளைகளின் சுவரில்தானா செங்கல்லைக் குறைக்க வேண்டும்? மிச்சம் பிடிக்க மாளிகைகள் இல்லையா? சிக்கனம் என்றாலே சேரியிலும் சிற்றூரிலும்தான் ஆரம்பிக்குமா? "மெட்ராஸ்ல அதிகாரிங்க வூடெல்லாம் இப்படித்தான் கட்றாங்களாம்மா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அந்தக் கேள்வியில் தவறில்லை. இன்றும் கேட்பேன், நாளையும் கேட்பேன், கேட்காமல் எந்தப் புதுமையையும் என் வாசலில் விடமாட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "இல்ல சார், அவங்க கட்டல. நான் மொதல்ல எங்கப்பா வூட்டக் கட்டினேன், குன்றத்தூர்ல. வந்து தட்டிப் பாருங்க" என்றது. நான் போனேனா? போகவில்லை. தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், தட்டிப் பார்க்கக் கூப்பிட்டபோது போகவில்லை.

சரி, மழைக்கு வருவோம். சுவர் எழும்பிற்று, மேலே கூரை வந்தது. விஜயதசமியன்று பிள்ளைகள் முதல் அறையில் குடியேறினார்கள். பத்து நாளில் அடைமழை பிடித்துக்கொண்டது. முதல் அறையின் கீழண்டைச் சுவரில் கை அகலத்துக்கு ஒரு கறை. மறுநாள் ஆள் அகலம். அதற்கு மறுநாள் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அட்டைப் பலகையெல்லாம் பூஞ்சணம் பூத்து, சுவரோரம் வைத்த நோட்டுப் புத்தகங்கள் நனைந்த அப்பளமாயின. பிள்ளைகள் மறுபடி கோயில் மண்டபத்துக்கே போனார்கள். நாம் என்ன சொன்னோம்? "பொக்கைச் சுவரு தண்ணியக் குடிச்சிக்கினு கீது" என்று சொன்னோம். ராஜாமணி அவர்கள் வந்து தட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேனே" என்றார். எப்போது சொன்னார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஷெர்லின் வந்தது. நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டது. "சார், மறைக்காம சொல்லுங்க. சுவத்துக்குள்ள ஏதாவது போட்டாங்களா?" நான் என்ன பதில் சொன்னேன்? உங்களுக்கு நினைவிருக்கும், கை தட்டினீர்களே! "இன்னாம்மா, எங்களையே சந்தேகப்படுறியா? ஒண்ணும் போடல!" என்றேன். ஊரையே சந்தேகப்படுகிற நான், என்னை ஒருத்தி சந்தேகப்பட்டதும் துள்ளினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க சார்" என்றது. குடையைக் கூட விரிக்காமல் பஸ்சுக்கு நடந்தது.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. இனி தெரியாத கதை.

இரண்டாம் அறை ஒன்று இருக்கிறதே, அதை மழை தொடங்கியதிலிருந்து திறந்து பார்த்தவர் யார்? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? தூக்க முடியாது, சாவி என் இடுப்பில்! வேலைக்கு வாங்கிய சிமெண்டு மூட்டைகளை அங்கே அடுக்கிப் பூட்டியிருந்தோம். பன்னிரண்டு மூட்டை, அதே கீழண்டைப் பக்கம், சுவரோடு சாய்த்து. முதல் அறைச் சுவருக்கு மேல்பூச்சுப் பூசிக் கறையை மறைத்துவிடலாமா என்று ஒரு திட்டம் எனக்கு. மூட்டை எடுக்கப் போனேன். நாற்பது நாள் மழை. சிமெண்டு கல்லாய் இறுகிப் போயிருக்கும், கடப்பாரை வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். சுவரோரத்து மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டேன். தாய்மார்களே! முழங்கை வரை போனது. மாவு! சலித்து வைத்த அரிசி மாவுபோல், சொரசொரப்பில்லாமல், ஒரு கட்டி இல்லாமல், கை நிறையச் சிமெண்டு! அடுத்த மூட்டை, மாவு. அதற்கடுத்தது, மாவு. பன்னிரண்டையும் பிரித்துப் பார்த்தேன். சுவரைத் தடவினேன், உலர்ந்து கிடந்தது.

சிமெண்டுக்குச் சொந்தக்காரனும் இல்லை, சாதிக்காரனும் இல்லை. சிமெண்டுக்குக் கட்சி உண்டா? கமிஷன் உண்டா? துளி ஈரம் பட்டால் கட்டியாகும், படாவிட்டால் உதிரும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த நியாயம். அதே செங்கல். அதே மழை. கட்டியவர் அதே மணிமங்கலத்து மேஸ்திரி சுப்பன். முதல் அறைச் சுவர் அழுகிறது, இரண்டாம் அறைச் சுவர் சிரிக்கிறது. ஏன்? ராஜாமணி அவர்களே, இரண்டாம் அறையையும் இடிக்கச் சொன்ன நீங்கள், ஒரு தடவையாவது அதைத் திறந்து காட்டச் சொன்னீர்களா? ஏன் சொல்லவில்லை? பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் பதில் சொல்லவேண்டிய நேரம்.

ஷெர்லின் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வரும். மற்ற நாளெல்லாம் நம் ராஜ்ஜியம். முதல் அறைச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த ஒரு சனிக்கிழமை, ஷிப்டு முடிந்து நேரே இங்கே வந்தேன். சுத்தியலை எடுத்துத் தட்டினேன். டொக்! பதினெட்டு வருடமாக இந்தக் காது அந்தச் சத்தத்தைக் கேட்டால் "தள்ளு குப்பையில்" என்று சொல்லிப் பழகிய காது. டொக் என்றால் பொத்தல், பொத்தல் என்றால் மோசம், மோசம் என்றால் பிள்ளைகள் தலையில் விழும். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இரும்புக்கு விதித்த நியாயத்தைச் செங்கல்லுக்கும் விதித்துவிட்டேன். "சுப்பா, இந்தப் பொக்கைய ரொப்பு" என்றேன். சுப்பன் தயங்கினார். "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிக்கீதே, பகலவண்ணே" என்றார். "எம் பொண்ணும் இங்கதான் படிக்கப் போவுது, ரொப்பு" என்றேன். முனியம்மாள்தான் நெஞ்சில் கை வைத்துக் கேட்டாள். "நல்லதுன்னா அது வந்தப்புறம் ரொப்பலாமே? இன்னாத்துக்கு அது இல்லாதப்ப ரொப்புறீங்க?" அவளையும் அதட்டினேன். களிமண்ணும் ஓட்டுச் சில்லும் உடைந்த செங்கல்லுமாக, கூடை கூடையாய், வரிசைக்கு வரிசை கீழண்டைச் சுவரை நிரப்பி, செவ்வாயன்று ஷெர்லின் வருமுன் மேலே புது வரிசைகளை ஏற்றிவிட்டோம். தட்டினேன். டிங் என்று வரவில்லை, ஆனால் டொக் போய்விட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், தோழர்களே!

கூடை சுமந்த நாலு பேர் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன்... அட, நீயே எழுந்து நின்றுவிட்டாயா மாரி? நல்லது. உட்கார். நீ சுமந்தாய், சுமக்கச் சொன்னவன் நான்.

இரண்டாம் அறை ஏன் தப்பியது? என் புத்தியால் அல்ல. அதைக் கட்டிய மூன்று வாரமும் தொழிற்சாலையில் எனக்கு ஓ.டி. போட்டுவிட்டார்கள், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. நான் வராததால் சுப்பன் படத்தில் இருந்தபடி கட்டி முடித்தார். வெளிச்செங்கல் குடித்த மழை, நடுவிலிருக்கும் காற்றைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. முதல் அறையில் அது தாண்டுவதற்கு நான்தான் மண்ணால் பாலம் போட்டுக் கொடுத்தேன்!

என்ன அங்கே? "அப்பவே சொல்றதுதானே" என்கிறீர்களா? நியாயம். சொல்லவில்லை. வெட்கம். சிமெண்டைப் பார்த்த பிறகும் ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். "இரண்டாம் அறையும் அடுத்த மழையில் ஒழுகலாம்" என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். பார்த்தீர்களா, சந்தேகம் எனக்கு எப்படியெல்லாம் கைகொடுக்கிறது! கடைசியில், போன ஞாயிறு, இரண்டு பஸ் மாறிக் குன்றத்தூர் போனேன். தூறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டைக் கண்டுபிடித்து, தெருவில் நின்றபடியே சுவரைத் தட்டினேன். உள்ளிருந்து ஷெர்லினின் தகப்பனார் ஜோயல் வெளியே வந்தார்.

"யாருப்பா நீ? சுவத்தத் தட்டிக்கினு கீற?"

"பள்ளிக்கூடம் கட்டுற ஊருங்க. வூடு எப்படிக் கீதுன்னு பாக்க வந்தேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு மழையில நிக்கிற? உள்ள வந்து பாரு."

உள்ளே போனேன். மூன்று மழைக்காலம் கண்ட வீடு. கறை உண்டா என்று மூலைக்கு மூலை தேடினேன், என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த மனிதர் டீ கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார். "பொண்ணு மாதா கோயிலுக்குப் போய்க்கீது. மூணு வாரமா சரியா துன்றதில்ல. 'எங்கயோ நாந்தான் தப்பு பண்ணிட்டேம்ப்பா. அவங்க ஒண்ணும் போடலன்னு சொல்லிட்டாங்க, பொய் சொல்ற ஜனங்க இல்ல'ன்னு சொல்லிக்கினே கீது. தப்பு தன்னோடதுதான்னு கடுதாசி எழுதி வச்சிக்கீது. வேலையையும் வுட்டுடப் போவுதாம்." அந்த டீயை, தோழர்களே, பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொய் சொல்கிற ஜனங்கள் இல்லையாம் நாம்! நான் அந்தப் பெண்ணின் படத்தை நம்பவில்லை, படிப்பை நம்பவில்லை, பரிவை நம்பவில்லை. அது என் வாய்ச்சொல்லை நம்பியது. நம்பித் தன்னையே குற்றவாளியாக்கி, தன் கையாலேயே கடிதமும் எழுதிவிட்டது.

போதும் பேச்சு. என்னையும் நம்பாதீர்கள்! ஒலிபெருக்கியில் உருகுகிறவனை நம்பாதீர்கள்! தலைவர் அவர்களே, கொஞ்சம் எழுந்து வாருங்கள். ராஜாமணி அவர்களே, நீங்களும் வாருங்கள், மறுக்காதீர்கள். சுப்பன் உளியோடு கீழண்டைச் சுவரருகே நிற்கிறார். ஷெர்லின் அவர்களே, இரண்டு செங்கல்லை எடுக்க உங்கள் அனுமதி வேண்டும். தலையசைத்துவிட்டீர்கள், நன்றி. சுப்பா, முதல் அறையில் ஒரு செங்கல், இரண்டாம் அறையில் ஒரு செங்கல். ம், தட்டு.

வந்துவிட்டது. பார்த்தீர்களா, பொலபொலவென்று விழாமல் சேறாக வழிகிறது! அடைமழை விட்டுப் பத்து நாளாயிற்று, இன்னும் பிழிந்தால் தண்ணீர் வரும். அதோ ஓட்டுச் சில்லு, அதோ என் களிமண். தள்ளாதீர்கள், எல்லோரும் பார்க்கலாம். இப்போது இரண்டாம் அறை. மெதுவாக எடு சுப்பா. தலைவர் அவர்களே, கையை உள்ளே விடுங்கள், முழுக்க விடுங்கள். என்ன சொல்கிறீர்கள்? இந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"காஞ்சி கீதுப்பா. நல்லாக் காஞ்சி கீது."

கேட்டீர்களா தாய்மார்களே? கேட்டீர்களா தோழர்களே? ஆகவே தீர்மானத்தைத் திருத்துகிறேன். இரண்டாம் அறையைத் தொடவேண்டாம், நாளைக்கே பிள்ளைகள் குடியேறட்டும். கீழண்டைச் சுவரைப் பிரித்து, மண்ணை வழித்து, படத்தில் உள்ளபடி திரும்பக் கட்டவேண்டும். சுப்பன் கட்டட்டும், வருகிற ஞாயிறு முதல் சித்தாள் வேலை நான் பார்க்கிறேன். இனி கட்டவேண்டிய மூன்றாம் அறையையும் ஷெர்லின் அவர்களே கட்டவேண்டும். அவர் எழுதிய கடிதத்தை அனுப்பக்கூடாது என்று இந்தச் சபை அவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். ஆனால் ஒன்று, பொறியாளர் அவர்களே! மூன்றாம் அறையிலும் நான் வந்து கேள்வி கேட்பேன். அதிகாரிகள் வீட்டைப் பற்றியும் விடாமல் கேட்பேன். கேட்பேனே தவிர, நீங்கள் போன பிறகு கூடை தூக்கமாட்டேன்.

கை தூக்குங்கள். தாய்மார்கள் பக்கம் முழுக்க எழும்பிவிட்டது. தோழர்கள் பக்கமும் எழும்பிவிட்டது. ராஜாமணி அவர்கள் பொன்னாடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், வழி விடுங்கள்.

செங்கமலம் அம்மா, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டீர்களா? கடைசியில் என்னைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேனே, என்ன எழுதினீர்கள்? "செயலாளர் தவறான தகவல் அளித்தார்" என்றா? வேண்டாம் அம்மா, அதை அடித்துவிடுங்கள். "சுவருக்குள் ஒன்றும் போடவில்லை என்று செயலாளர் பகலவன் பொறியாளரிடம் பொய் சொன்னார்" என்று எழுதுங்கள். எழுதியாயிற்றா? இப்படிக் கொடுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி. ஷெர்லின் அவர்களே, மன்னித்துவிடுங்கள். வணக்கம்.